பிளஸ் டூ வீட்டுக் கடிதங்கள்: வாசகர் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்த சூட்டோடு இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிகம். இந்த முறை வந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமே பெரியவர்கள் எழுதியவை. மாணவி எழுதிய அந்த ஒன்றை வேண்டுமென்றே நடுவில் வைத்திருக்கிறேன், தாண்டிப் போய்விடாதீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், சிபிஎஸ்இ கடிதங்கள் அடுத்த இதழில்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் பிள்ளையின் பொறுப்பு, காகித வேலை பெற்றோரின் பொறுப்பு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அப்பா உட்கார்ந்து வேதியியல் சொல்லித்தருகிறார், பிள்ளை சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் நிற்கிறது.

கேள்வி: டீச்சர், என் மகன் கணிதம்–உயிரியல் குரூப். காலாண்டில் 521 எடுத்தவன் அரையாண்டில் 468. அவன் அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். காலை 5 மணிக்கு வேதியியல் டியூஷன், மாலையில் இயற்பியல், ஞாயிற்றுக்கிழமை கணிதம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். இப்போது பையன் சாப்பிட மட்டும்தான் அறையை விட்டு வருகிறான். எதைக் கேட்டாலும் "ம்" என்கிறான். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: 53 மதிப்பெண் குறைந்திருக்கிறது, சரி. எந்தப் பாடத்தில்? கடிதம் நான்கு பக்கம் இருக்கிறது, இந்தத் தகவல் மட்டும் இல்லை. 600-க்கு எவ்வளவு என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல உதவும், பிள்ளைக்கு ஒன்றுக்கும் உதவாது.

விடைத்தாள்களை எடுத்துவரச் சொல்லி அவனோடு உட்காருங்கள் (அப்பா வேண்டாம், இப்போதைக்கு நீங்கள் மட்டும்). உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டிய அவசியமில்லை, சிவப்பு மையைப் படிக்கத் தெரிந்தால் போதும். கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90-க்கு, அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 20. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70-க்கு, அதில் ஒரு மதிப்பெண் 15. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். இவன் எங்கே கோட்டை விட்டிருக்கிறான் என்று பாருங்கள். ஒரு மதிப்பெண்ணில் ஏழெட்டு போயிருக்கிறதா, ஐந்து மதிப்பெண் கணக்கைப் பாதியில் நிறுத்தியிருக்கிறானா, அல்லது கடைசி இரண்டு கேள்விகளை எழுத நேரமே இல்லாமல் போய்விட்டதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரு மதிப்பெண் என்றால் புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் வினாக்களைத் தினமும் அரை மணி நேரம் போட்டால் போதும், ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். நேரம் போதவில்லை என்றால் வீட்டிலேயே கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் முழுத் தாள் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியே இல்லை, இதற்கு எந்த டியூஷனும் உதவாது.

டியூஷன் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன், அந்த அட்டவணையில் பையன் தானாக உட்கார்ந்து படிக்கும் நேரம் எங்கே இருக்கிறது? காலையில் ஒருவர் சொல்வதைக் கேட்கிறான், பகல் முழுக்கப் பள்ளியில் கேட்கிறான், மாலையில் இன்னொருவர் சொல்வதைக் கேட்கிறான். கேட்டது மண்டையில் இறங்க வேண்டுமே. மூன்றில் ஒன்றையாவது நிறுத்துங்கள், எதை நிறுத்துவது என்பதை அவனே சொல்லட்டும். பூட்டிய அறைக்குள் இருப்பவனிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

போன் விஷயத்தில் உங்கள் கணவரின் பயம் புரிகிறது. ஆனால் இன்றைக்குப் பள்ளியே தேர்வு அட்டவணையையும் குறிப்புகளையும் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறது. பீரோவில் வைத்தால் நண்பனின் போனில் பார்ப்பான், அதற்காக நண்பன் வீட்டுக்குப் போவான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம், கூடத்தில் உட்கார்ந்து, அப்புறம் சார்ஜரோடு அம்மா கையில் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பாவும் டிவியில் செய்திச் சண்டை பார்க்காமல் இருந்தால் ரொம்ப நல்லது.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மகனின் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். இதைத் திருத்த ஜனவரியில் அலைவது ஜூன் மாதத்தில் அலைவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: பேத்தி இரவு 2 மணி வரை படித்துவிட்டு 6 மணிக்கு எழுந்திருக்கிறாள். "தூங்கு கண்ணு" என்றால் மருமகள் என்னை முறைக்கிறாள். சொல்வதா, வேண்டாமா?
– ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: சொல்லுங்கள் பாட்டி. என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு படித்தது தேர்வு அறையில் நினைவுக்கு வராது. தேர்வு காலையில் நடக்கிறது, இரவு 2 மணிக்கு நடக்கவில்லை. 11 மணிக்கு விளக்கை அணைக்கப் பழகட்டும், அதுவும் இப்போதே, தேர்வுக்கு முதல் வாரம் மாற்றினால் உடம்பு கேட்காது. மருமகள் முறைப்பதை இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு பெண்கள் பள்ளியில்தான் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இன்ஜினீயரிங் படிக்க ஆசை. எங்கள் இரண்டு பக்கத்திலும் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. தெரிந்தவர் ஒருவர், சென்னைப் பக்கம் ஒரு காலேஜில் 80,000 ரூபாய்க்கு சீட் வாங்கித் தருகிறேன், இப்போதே 10,000 கொடுத்தால் இடம் பிடித்து வைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, திருவண்ணாமலை

பதில்: கொடுக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், இதே மாதிரி இன்னும் மூன்று கடிதங்கள் கையில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது, 2007-லிருந்தே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கினால் 92 + 44 + 45 = 181. இதுதான் எல்லோரும் சொல்லும் கட்-ஆஃப். இதன்படி தரவரிசை, தரவரிசைப்படி இடம். இதில் யாரும் யாருக்கும் "இடம் பிடித்து" வைக்க முடியாது. அந்த மனிதர் விற்பது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகம் தானே நிரப்பும் இடம். அந்த வழியில் போனால் உங்கள் மகளுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கைவிட்டுப் போய்விடும், அதற்கு நீங்கள் பணமும் கொடுப்பீர்கள்.

என்ன கிடைக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதன் வழியாகப் பொறியியல் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இந்த ஒதுக்கீட்டில் தனிப் போட்டி, பொதுப் பிரிவிலும் சேர்ந்தே போட்டி, எதில் நல்ல இடம் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். (அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் இதில் வர மாட்டார்கள். பலர் இதைத் தெரியாமல் நம்பிக்கையோடு இருந்துவிட்டுக் கடைசியில் அழுகிறார்கள், ஆகவே பள்ளியின் பெயர்ப் பலகையை ஒருமுறை சரியாகப் படித்துவிடுங்கள்.) இதைத் தவிர, புதுமைப் பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். 2022-லிருந்து நடக்கிறது. பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. கணக்கு மகள் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இதை இப்போதே முடித்துவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்பதால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கிடைக்கும். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொதுப் பிரிவில் சேர நேர்ந்தால் அதை வைத்துக் கட்டணச் சலுகை பெறலாம். அதுவும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் செல்லாது.

செய்ய வேண்டிய காகித வேலை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கோப்பு நகர்ந்து வர நாளாகும், மே மாதத்தில் ஊரே விண்ணப்பிக்கும், ஆகவே பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் மட்டும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், மற்றவை எப்போதும் உதவும். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் தொடங்கும், கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி, அருந்ததியர் பிள்ளைகளுக்கு 250. வீட்டில் கணினி இல்லாவிட்டால் கவலை வேண்டாம், ஒவ்வொரு மாவட்டத்திலும் டிஎன்இஏ (பொறியியல் கலந்தாய்வு) உதவி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பதிவு செய்யலாம். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அவர்கள் தங்கள் செல்போன் எண்ணைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். உங்கள் எண்ணைத்தான் போட வேண்டும், கலந்தாய்வு முடியும்வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்கக் கூடாது.

பதிவுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுப்பார்கள். அதைப் பார்த்து "பெரிய எண் வந்திருக்கிறது, சின்ன எண் வந்திருக்கிறது" என்று வீட்டில் சண்டை வேண்டாம். இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண், பிறந்த தேதி வரை எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு வேலை.

இனி முக்கியமான கட்டம், கல்லூரிகளை வரிசைப்படுத்துவது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மகளின் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். ஆகவே "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள், மேலே போட்டு வைப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. அதே நேரம் பத்துப் பெயரோடு நிறுத்தினால் எதுவும் கிடைக்காமல் அந்தச் சுற்று போய்விடும். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எந்த கட்-ஆஃப் வரை போனது என்று கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் தந்தை பெரியார் அரசினர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சென்னை என்ற பெயருக்காக ஏதோ ஒரு நெடுஞ்சாலையோரக் கல்லூரிக்குப் போவதைவிட இவை மேல் என்பது என் கருத்து. தனியார் கல்லூரி என்றால் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள், வெளியே பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஆசிரியர்கள் வருகிறார்களா, அரியர் எத்தனை பேருக்கு? நீங்கள் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு நிமிடத்தில் ஆளை எடைபோடுவீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டு சேருகிறேன், ஒப்புக்கொள்கிறேன் ஆனால் மேலே உள்ளது கிடைத்தால் வேண்டும், இது வேண்டாம் மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் போதும், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம் என்று தேர்வுகள் இருக்கும். முதல் முறை வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு: கையில் ஒன்று இருக்கும், மேலே காலியானால் அதுவும் வரும். மூன்றாவதை அழுத்தினால் கையில் இருப்பதும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் எதையும் அழுத்தாமல் விட்டாலும் ஒதுக்கீடு ரத்து. அந்த இரண்டு நாளும் சவாரிக்குப் போகாமல் மகளோடு இருங்கள்.

அசல் சான்றிதழ்களை அந்த "தெரிந்தவர்" கையில் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டீச்சர், எனக்கு 18 வயது. போன வருடம் பிளஸ் டூவோடு நீட் எழுதினேன், வரவில்லை. ஒரு வருடம் வெளியூர் ஹாஸ்டலில் கோச்சிங் போய் மறுபடி எழுதினேன், 30 மார்க்தான் கூடியது. இப்போது மூன்றாவது முறைக்கு அப்பா பணம் கட்டிவிட்டார். எனக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று உண்மையிலேயே இருந்தது, இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. என் வகுப்பில் படித்தவர்கள் எல்லாம் காலேஜில் போட்டோ போடுகிறார்கள். சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. வீட்டில் சொன்னால் "எவ்வளவு செலவு செய்திருக்கிறோம்" என்பார்கள்.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீ எழுதியது நல்லது, ம்மா. கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழுந்திருக்கப் பிடிக்காத நாட்கள் தொடர்ந்து வந்தால் அதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதே. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, உன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதை இன்றைக்கே செய், மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்.

இனி அப்பா விஷயம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஆரம்பித்தால் பேச்சு பணத்தில்தான் போய் முடியும். கையில் காகிதத்தோடு உட்கார். நீட் 720-க்கு, அதில் உயிரியல் மட்டும் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. உன் இரண்டு வருட மதிப்பெண்ணையும் இந்த மூன்றாகப் பிரித்து எழுது. பக்கத்தில் உன் பிரிவுக்கு அரசு இடஒதுக்கீட்டில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணை எழுது. இடைவெளி ஒரு பாடத்தில் மட்டும் என்றால், அதுவும் இயற்பியல் என்றால், இன்னொரு முயற்சியில் அர்த்தம் இருக்கலாம். மூன்றிலும் பரவிக் கிடக்கிறது என்றால் அதே கோச்சிங், அதே ஹாஸ்டல், அதே அட்டவணை புதிதாக எதைக் கொடுத்துவிடும் என்று அப்பாவிடம் கேட்கலாம். அவர் கெட்டவர் இல்லை, உனக்கு ஏமாற்றமாகிவிடுமோ என்ற பயத்தில் கட்டியிருப்பார்.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். நீட் எழுத இப்போது உச்ச வயது வரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கும் இல்லை, ஆகவே ஒரு கல்லூரியில் சேர்ந்தால் கதவு மூடிவிடாது. அடுத்து, தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசி ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வருகின்றன. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு நீட் வேண்டும். உன் பிளஸ் டூ மதிப்பெண் எங்கேயும் போய்விடவில்லை. இந்த வருடம் நீட் எழுதுவதாக இருந்தாலும் இவற்றுக்கும் கண்டிப்பாக விண்ணப்பித்துவிடு. மே மாதம் முடிந்த பிறகு கையில் ஒரு இடத்தோடு யோசிப்பது வேறு, வெறும் கையோடு யோசிப்பது வேறு.

அப்பாவிடம் நேரில் பேச வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதிய இதே கடிதத்தை அவரிடம் கொடு. இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கட்டிய பணம் போனால் போகட்டும், அதை எடுப்பதற்காகப் பிள்ளையை இன்னொரு வருடம் ஹாஸ்டலில் வைக்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு கட்-ஆஃப் 190 வரும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். அவனோ பி.ஏ. வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறான். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது.
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: ஏன் வரலாறு என்று கேட்டீர்களா? "கணக்கு வெறுத்துவிட்டது" என்று சொன்னால் அது வரலாற்றின் மேல் உள்ள ஆசை இல்லை, களைப்பு. தேர்வு முடிந்து ஒரு மாதம் போகட்டும் என்று விடலாம். "கொடுமணல் போய்ப் பார்த்தேன், கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொன்னால் நிஜம். உங்கள் மாவட்டத்திலேயே அகழாய்வு நடந்த இடம் அது, ஒருமுறை அவனோடு போய்வாருங்கள், வேண்டாத பேச்சு வழியிலேயே தீர்ந்துவிடும்.

வேலை கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. பி.ஏ. மட்டும் முடித்துவிட்டு நின்றால் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். எம்.ஏ., பி.எட்., போட்டித் தேர்வுகள், தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயம் என்று அடுத்த படி இருக்க வேண்டும், நல்ல துறை உள்ள கல்லூரியாகவும் இருக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம் 50 ரூபாய். மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு முக்கியப் பாடங்களை 400-க்குக் கூட்டித் தரவரிசை போடுவார்கள், அறிவியல் குரூப் பிள்ளைகளும் வரலாறு கேட்கலாம். உதவி பெறும் தனியார் கல்லூரியில் ஷிப்ட் ஒன்றா (அரசு உதவி பெறுவது), ஷிப்ட் இரண்டா (சுயநிதி) என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதே பாடம், அதே கட்டடம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, டெல்லி என்று யோசித்தால் க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது, முன்னாலேயே முடிந்துவிடும். அங்கே நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துவையுங்கள். பதிவு செய்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை, உங்கள் வயிறும் கலங்காது. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

கேள்வி: ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இந்த மாதத்துக்குள் 25,000 கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி என்கிறது. கட்டட்டுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நான்கு வருடக் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் அதைப் பாருங்கள், 25,000-ஐ அப்புறம் பார்க்கலாம். யுஜிசி விதிப்படி, அறிவிக்கப்பட்ட தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஆனால் விதி இருப்பதும் பணம் திரும்பி வருவதும் ஒன்றல்ல. ரசீதும், திருப்பித் தரும் நிபந்தனையும் எழுத்தில் இல்லாமல் கட்ட வேண்டாம். கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால், வங்கிகளில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை, உங்கள் கையிலிருந்தும் பங்கு போட வேண்டியதில்லை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை ஈடில்லாமல் கிடைக்க வழி உண்டு. தவணை படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அதைக் கட்டப்போவது 22 வயதில் உங்கள் பிள்ளை, ஆகவே இந்தக் கணக்கைப் பிள்ளையையும் உட்காரவைத்துப் போடுங்கள்.

கேள்வி: மகள் வணிகவியல் குரூப். கணக்குப்பதிவியல் என்றாலே நடுங்குகிறாள். அரையாண்டில் அதில் ஃபெயில். போன வாரம் "ரிசல்ட்டில் ஃபெயில் ஆனா என்னைப் பார்க்கவே முடியாது" என்று சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. கேட்டால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ராமநாதபுரம்

பதில்: விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டால் மோசமாகாது, கேட்காமல் விட்டால்தான் தனியாக யோசித்துக்கொண்டிருப்பாள். இன்று இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" ஆமாம் என்றால் திட்ட வேண்டாம், அழ வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தனியாக விடாதீர்கள், 14416 அல்லது 104-க்கு நீங்களே போன் போட்டு அவள் கையில் கொடுங்கள், மறுநாள் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து, தூக்க மாத்திரை இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். இல்லை, சும்மா சொன்னேன் என்றாலும் "ஃபெயில் ஆனாலும் நீ எங்களுக்கு வேணும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பாடத்தைப் பொறுத்தவரை நிலைமை அவள் நினைப்பது போல இல்லை. தேர்ச்சிக்கு 100-க்கு 35. அகமதிப்பீட்டில் 10 இருந்தால் எழுத்துத் தேர்வில் 90-க்கு 25 போதும், அதில் 20 ஒரு மதிப்பெண் வினாவாகவே வரும். ஆசிரியரிடம் போய், "இவளுக்கு சென்டம் வேண்டாம், தேர்ச்சி பெற எந்த நான்கு பாடம் என்று குறித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள், எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

ஒருவேளை தவறினாலும் துணைத்தேர்வு ஜூன், ஜூலையில் நடந்து அந்த வருடமே கல்லூரியில் சேர முடியும். மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம், மறுமதிப்பீட்டில் குறையவும் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். அந்தச் செய்தியை டிவியில் பார்க்கிற மீதிப் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே நாம் ஒருவர்தான் தோற்றோம் என்று இருக்கும், ஆகவே அன்றைக்கு டிவி வேண்டாம். ரிசல்ட் பதிவு செய்த செல்போன் எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வரும். அந்த எண் உங்களுடையதா என்று பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள், அன்று காலை வேலைக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள், மார்க் கேட்டு வரும் எல்லா போன்களையும் நீங்களே எடுங்கள்.